என்ன ஜாதி, தம்பி?

தமிழ்ல நாய் ரெண்டே வகைதான். ஒன்று ஜாதி நாய். இன்னொன்று வெறும் நாய்.

ஜாதி நாய்க்கு அப்பா அம்மா யாரென்று தெரியும். காகிதம் இருக்கும். குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் சீவிவிடக் கடை இருக்கும். வெறும் நாய்க்கு அடைமொழிகள் மட்டும் உண்டு: தெரு நாய், நாட்டு நாய், சொறி நாய், கம்போங் நாய். கோபம் வந்தால் சக மனிதர்கள் மேல் எறிய நாம் கையில் எடுப்பதும் இந்த இரண்டாவது நாயைத்தான். ‘போடா பொமரேனியன்’ என்று யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

இதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்று கட்டுரை எழுதி ஆசிரியரிடம் நட்சத்திரம் வாங்கிய பிள்ளை, வீட்டுக்கு வந்து வேலிக்கு அந்தப்பக்கம் பார்க்கிறது. பக்கத்து வீட்டு அங்கிள் ‘தொடலாம்மா, பயப்படாத, இது ஜாதி நாய், ரெண்டாயிரம் வெள்ளி’ என்கிறார். சாலையோரம் போகும் இன்னொன்றைக் காட்டி ‘அத மட்டும் தொடாத’ என்கிறார். அவ்வளவுதான். பாடம் முடிந்தது.

இந்த நாட்டில் இப்போது யாருங்க சாதி பார்க்கிறா என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். பார்க்கிறோம். மனிதர்களிடம் வெளிப்படையாகக் கேட்க முடியாமல் போனதை நாய்களிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

நாயோடு ஊர் சுற்றுவது இங்குள்ள தமிழ் நடுத்தர வர்க்கத்துக்குப் புதுப்பழக்கம். நீண்டதூரப் பேருந்திலும் ரயிலிலும் நாய்க்கு இடமில்லை என்பதால் சொந்தக் கார் வேண்டும். காரின் பின்சீட்டில் துணி விரித்து, ஜன்னலுக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நாயைப் படம் எடுத்துப் போட வேண்டும். இதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சொல்லப்போனால் நானும் அந்தக் கூட்டம்தான். என்னுடைய நாயின் பெயர் கோப்பி. கிள்ளானில் ஒரு ஒட்டுக்கடைக்குப் பின்னால், கோழி எலும்பு கொட்டும் வாளியோரம் கிடைத்த குட்டி. இப்போது மூன்று வயது, 17 கிலோ. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். நிறம் பெயரிலேயே இருக்கிறது.

போன பள்ளி விடுமுறையில் கோப்பியைத் தைப்பிங்குக்குக் கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்தேன். கோலாலம்பூரிலிருந்து 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாயோடு போவதற்கு இந்நாட்டில் அதைவிட நல்ல ஊர் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களில் நீர் நிரப்பி, 1880-இல் அங்கே ஏரிப் பூங்காவை உருவாக்கினார்கள். ஏரியை ஒட்டிப் போகும் சாலையில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். நூறாண்டு தாண்டிய மரங்கள் அவை. அவற்றின் கிளைகள் சாலையை முழுக்கத் தாண்டிப் போய் அந்தப்பக்கம் ஏரி நீரைத் தொடுகின்றன. மழை வருவதற்கு முன்பு இலைகளை மடக்கிக்கொள்ளும் மரம் அது. பின்னால் லாருட் மலை. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று என்பதால் அந்த மரங்களுக்கு மடக்கி விரிப்பதே வேலை. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தூங்குமூஞ்சி மரம் இந்த மண்ணுடையது கிடையாது. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. அதை யாரும் வந்தேறி மரம் என்று சொல்வதில்லை. ஊரின் அடையாளமே இப்போது அதுதான். லாருட்டில் ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் வருடக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்து, 1874-க்குப் பிறகு ஓய்ந்த இடத்துக்குத்தான் ‘பேரமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது. மலாயாவின் முதல் ரயில் 1885-இல் அங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. தண்டவாளம் போய்விட்டது. போர்ட் வெல்ட் என்ற பெயர்ப்பலகை மட்டும் இப்போதைய குவாலா செபெத்தாங்கில் நிற்கிறது, தமிழ் எழுத்தோடு. வெளியிலிருந்து வந்தவர்களும் வந்தவைகளும் சேர்ந்து உண்டாக்கிய ஊர். அங்கே போய் ‘வம்சாவளி’ கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை.

தங்க இடம் தேடி ஏழு இடங்களுக்குப் போன் செய்தேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இரண்டு பேர் மலாய்க்காரர்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முடியாது என்றார்கள். ஒருவர் வேறு எங்கே கேட்கலாம் என்றும் சொன்னார். இரண்டு பேர் சீனர்கள். ஒருவர் இடமில்லை என்றார். இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மிச்சம் மூன்று பேர் நம்ம ஆளுங்க. மூன்று பேரும், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்ட மாதிரி, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

‘நாயா? பரவால்ல, பரவால்ல. என்ன ஜாதி, தம்பி?’

‘ஜாதி எல்லாம் இல்லண்ணே. நாட்டு நாய்.’

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

‘அப்ப சிரமம் தம்பி. போன வாரம்கூட ஒரு ஹஸ்கி வந்துச்சு. ஜாதி நாய்னா பிரச்சன இல்ல. சுத்தமா இருக்கும்.’

ஹஸ்கி முடி கொட்டும் ரகம். ஒரு வாரம் பெருக்கினாலும் சோபா இடுக்கிலிருந்து முடி வரும். சைபீரியக் குளிருக்கு வளர்ந்த உரோமத்தோடு நம் வெயிலில் அது மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும். அது அந்த நாயின் தப்பில்லை. ஆனால் அந்த அண்ணன் ‘சுத்தம்’ என்று சொன்னது முடியையோ மூத்திரத்தையோ பற்றியதல்ல. ஹஸ்கி அவர் வீட்டுக் கம்பளத்தில் மூத்திரம் பெய்திருந்தாலும் அது சுத்தமான ஹஸ்கிதான். கோப்பி எதையும் செய்யாமலேயே, வாசலுக்கு வராமலேயே, 300 கிலோமீட்டர் தள்ளி மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தபோதே அசுத்தமாகிவிட்டது. பிறப்பால் வரும் சுத்தம், பிறப்பால் வரும் தீட்டு. இதற்குத் தமிழில் வேறு பெயர் தேட வேண்டிய அவசியமில்லை. பெயர் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

இதை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன.

முதல் மறுப்பு, மொழி தெரிந்தவர்களுடையது. சாதி என்றால் வகை என்றுதான் பழைய பொருள், தொல்காப்பியத்தின் மரபியலிலேயே நீர்வாழ் உயிர்களைக் குறிக்க அந்தச் சொல் வருகிறது, ஜாதிமல்லி இல்லையா, பினாங்கில் ஜூஸ் போட்டு விற்கும் ஜாதிக்காய் இல்லையா, அதுமாதிரிதான் இதுவும், நீ எல்லாவற்றிலும் அரசியல் பார்க்கிறாய் என்றார்கள். ஜாதிக்காய்க்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை, அதை விடுங்கள். சாதி என்றால் வெறும் வகை என்று வைத்துக்கொண்டால் எல்லா நாய்க்கும் ஒரு வகை இருக்க வேண்டும். கோப்பியும் ஒரு வகைதானே? ஆனால் நம் பேச்சில் அப்படி இல்லை. இங்கே ‘ஜாதி நாய்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘வேறு ஜாதி நாய்’ இல்லை. ‘ஜாதி இல்லாத நாய்’. சாதி என்பது சிலருக்கு உண்டு, மற்றவர்கள் அதற்கு வெளியே என்ற கணக்கு இது. இந்தக் கணக்கு மல்லிகையிலிருந்து வந்ததா, ஊரிலிருந்து வந்ததா?

இரண்டாவது மறுப்பு இன்னும் எளிமையானது. ‘ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பில்டப்பா, மச்சான்?’

ஆமாம். ஒரு வார்த்தைக்கு இவ்வளவும் செய்யலாம் என்று இந்த நாட்டுத் தமிழர்கள்தான் காட்டினார்கள். அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ நாவல் 1971-இல் வந்தது. 2011-இல் அதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இலக்கியப் பாடமாக வைத்தபோது நாடே அதிர்ந்தது. காரணம் ஒரு சொல். இந்தியாவிலிருந்து வந்த மணியம் என்ற பாத்திரத்தையும் அவன் சார்ந்தவர்களையும் ‘பாரியா’ என்று அந்த நாவல் குறிப்பிட்டது. கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், ஆய்வுக்குழு அமைந்தது, திருத்தம் பேசினார்கள், கடைசியில் நாவல் பள்ளிகளிலிருந்தே விலக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் இடைநிலைப்பள்ளியில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் என்ன செய்தது என்று தெரியும். வகுப்பில் பின்னாலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் நாவலைப் படித்திருக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. இங்கே அது எல்லாத் தமிழரையும் அடிக்கப் பொதுவாகக் கிடக்கும் கல்.

அந்தக் கல் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். பறையர் என்ற தமிழ்ச்சொல்லை ஐரோப்பியர்கள் வாங்கிப் போனார்கள். ஆங்கிலத்தில் அது ‘பாரையா’ ஆனது. முதலில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். பிறகு ஒதுக்கப்பட்ட எவருக்கும் பொதுப்பெயர். அதோடு நிற்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரியும் நாயை ‘பாரையா நாய்’ என்றார்கள். குப்பைமேட்டில் வட்டமிடும் பருந்தை ‘பாரையா பருந்து’ என்றார்கள். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வசவு என்று தப்பிக்க முடியாது. யாரை எங்கே நிற்க வைக்க வேண்டும் என்ற வரைபடத்தை அவனிடம் கொடுத்தது ஊர். அவன் அதை நாய்க்கும் பருந்துக்கும் நீட்டினான். அது கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. இங்கே சுற்றிச் சுழன்று, சாதி வித்தியாசம் பார்க்காமல் அத்தனை தமிழர் மேலும் விழுந்தது. சிலர் 2011-இல் கொதித்ததற்குக் காரணம் அந்தச் சொல் மனிதனை இழிவுபடுத்துகிறது என்பது அல்ல. ‘நாங்க அந்த ஆளுங்க இல்லையே’ என்பது. அப்போது வந்த பேச்சுகளில் இந்த இரண்டாவது குரலும் நன்றாகவே கேட்டது. மறந்துபோன மாதிரி நடிக்க வேண்டாம்.

கங்காணி தன் ஊரிலிருந்து, தன் சொந்தபந்தத்திலிருந்து ஆள் கூட்டி வந்த முறை இது. சாதியும் கூடவே வந்தது. தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1929-இன் கடைசியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார் என்றால், இங்கே அவருக்கு வேலை இருந்தது என்று அர்த்தம். அந்த வேலை இன்னும் முடியவில்லை. வரன் தேடும் விளம்பரங்களை ஒருமுறை புரட்டுங்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நாயோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாய்க்கு இனம் வந்ததே சமீபத்தில்தான். இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். யாருக்கு யார் பிறந்தது என்று பேரேட்டில் எழுதி, அந்தப் பேரேட்டுக்குள் இருப்பவை பேரேட்டுக்குள் இருப்பவற்றோடு மட்டுமே கூட வேண்டும் என்று ஆக்கினார்கள். கிட்டத்தட்ட அதே வருடங்களில், 1871-72-இல், அதே சாம்ராஜ்யத்தின் அதிகாரிகள் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகை கணக்கெடுத்துச் சாதி சாதியாக அட்டவணை போட்டார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் பேரேட்டில் எழுதிய கை ஒரே மாதிரிப் பழகியிருந்தது, அவ்வளவுதான். அகமணமுறையின் விளைவு என்ன என்று அறிய வேண்டுமென்றால் ஒரு பக் நாயின் மூச்சைக் கேளுங்கள். தட்டை மூக்கு அழகு என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, இப்போது அது படுத்தாலும் குறட்டை, நடந்தாலும் குறட்டை. கோப்பி மாதிரிக் கலப்பு நாய்கள் லாருட் மலை அடிவாரத்தில் நாள் முழுக்க ஓடும். ‘ஜாதி நாய்தான் ஆரோக்கியம்’ என்று சொல்பவர்களைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், நாயோடு அல்ல, தனியாக.

பேரேட்டின் அதிகாரத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பகாங் மலைக்காட்டில் தெலோம் ஆற்றுப் பகுதியில் ஒராங் அஸ்லி மக்களோடு வாழ்ந்த நாய்களை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. 1963-இல் ஆர்வில் எலியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அவற்றில் ஒரு ஜோடியை ஆய்வுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆற்றின் பெயரால் அதற்கு ‘டெலோமியன்’ என்று பெயர் வைத்தார்கள். அன்று முதல் அது இனம். அரிய இனம். அதற்காக அங்கே ஆர்வலர்கள் உண்டு. காட்டிலேயே தங்கிவிட்ட அதன் அண்ணன் தம்பிகள் என்ன? கம்போங் நாய். நாய் மாறவில்லை, எழுதியவர் மாறினார். அந்தத் தைப்பிங் அண்ணனிடம் நான் ‘டெலோமியன், அமெரிக்காவுல பதிவு பண்ண இனம்’ என்று அடித்துவிட்டிருந்தால் அறை கிடைத்திருக்கும், தலையணைகூட ஒன்று அதிகம் கிடைத்திருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே இதை அரசாங்கமே பட்டியலாகப் போட்டு வைத்தது. வீவக வீடுகளில் வளர்க்க 62 சின்ன ரகங்களுக்கு அனுமதி தந்தார்கள். வம்சாவளி தெரியாத உள்ளூர் நாய்க்கு வெகுகாலம் இடமில்லை. 2012-இல் தொடங்கிய அடோர் திட்டத்தின் வழியாகத்தான் கொஞ்சம் கதவு திறந்தது. அந்த நாய்க்கு அங்கே செல்லப்பெயர் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’. கேட்டால் மீகோரெங் மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்: அங்கே கதவைத் திறக்கும்போது கேட்டது உயரம், எடை, பழக்கம். அளக்கக்கூடியவை.

இங்கே யாராவது கட்டாயம் சொல்வார்கள்: ‘நம்ம என்ன பண்றது, இது மலாய்க்காரங்க நாடு, அவங்களுக்கு நாய் ஆகாது, அதனாலதான்.’ மலேசியத் தமிழர்களின் மிகப் பிரபலமான சாக்கு இது. எந்தக் கூச்சத்தையும் அடுத்தவர் மதத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடலாம்.

ஏரியோரம் நடந்தது இது. காலை ஏழு மணி. தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே சாலையோரமாகக் கோப்பியைக் குட்டையான கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே ஒரு பாக்சிக், கூடப் பேத்தி. பேத்திக்கு நாயைப் பார்த்ததும் கிட்டே வர ஆசை. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, ‘மன்னிச்சிருங்க, நாங்க அந்தப்பக்கம் போறோம்’ என்று மலாயில் சொன்னார். நான் கயிற்றை இன்னும் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவர் கடந்து போகும்போது பேத்தியிடம், ‘தூரத்திலிருந்து பார்க்கலாம், அழகா இருக்கு பாரு’ என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அதை நான் ஏற்க வேண்டியதில்லை, மதிக்க முடியும். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: அந்தச் சட்டம் ஹஸ்கிக்கும் கோப்பிக்கும் ஒன்றுதான். இரண்டாயிரம் வெள்ளி நாய் நக்கினாலும் ஏழு முறை, ஓசி நாய் நக்கினாலும் ஏழு முறை. அந்தப் பெரியவர் என்னிடம் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. கேட்டது நாம். நாயைக் கும்பிடுகிற மரபில் வந்த நாம். பைரவருக்கு வாகனம் என்கிறோம், தேய்பிறை அஷ்டமிக்கு மறக்காமல் போகிறோம். பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் படிக்கட்டில் படுத்திருக்கும் உயிருள்ள வாகனத்தைச் செருப்புக் காலால் நகர்த்துகிறோம். பைரவர் ஒருவேளை கோல்டன் ரெட்ரீவர் வைத்திருந்தார் என்று நினைப்பு போல.

பக்தி இலக்கியத்தைப் பற்றியும் கொஞ்சம். மாணிக்கவாசகர் திருவாசகம் முழுக்கத் தன்னை நாயேன் நாயேன் என்கிறார். அதைக் கேட்டு உருகுகிறோம். ஆனால் அந்த உருக்கம் வேலை செய்வதே நாய் கீழானது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பதால்தான். தன்னை இறக்கிக்கொள்ள ஒரு படிக்கட்டு வேண்டும், அதன் கடைசிப் படியில் நாய் ஏற்கெனவே படுத்திருக்கிறது.

தங்க இடம் மறுக்கப்பட்ட நாய்ப் பயணிகளில் மூத்தவர் தருமன். மகாபாரதத்தின் கடைசியில் தம்பிமார்களும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு அவன் பின்னால் ஒரு நாய் மட்டும் வருகிறது. இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். நீ ஏறு, நாயை விடு, சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான். நம்பி வந்ததை விட மாட்டேன், அப்படியென்றால் எனக்கும் வேண்டாம் என்கிறான் தருமன். இதுவரை உலக இலக்கியத்தின் ஆகச்சிறந்த இடங்களில் ஒன்று. பிறகு கதை சறுக்கிவிடுகிறது. அந்த நாய் நாயே இல்லையாம், தர்மதேவதையாம். சோதித்துப் பார்த்ததாம். எல்லோரும் மகிழ்ச்சியாக உள்ளே போகிறார்கள். வெறும் நாய்க்கு அங்கேயும் அறை கிடைக்கவில்லை. உள்ளே போனது காகிதம் உள்ள நாய், அதுவும் கடவுள் கையெழுத்துப் போட்ட காகிதம். ஒரு சாதாரண நாயோடு தருமன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பதோடு முடியும் மகாபாரதத்தை நம்மில் யாராவது எழுத வேண்டும்.

இதெல்லாம் ஓர் அறைக்கான சண்டை என்றால் விட்டுவிடலாம். சாகிறவை எவை என்பதையும் இதே சொல்தான் முடிவு செய்கிறது. 2015-இல் வட மாநிலங்களில் வெறிநோய் பரவியபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. எதிர்ப்பும் வந்தது. வெறிநோய் கொடூரமான நோய், மனித உயிர் போகும் விஷயம், பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெருநாய் கடித்த பிள்ளையின் அம்மாவிடம் போய் மகாபாரதம் பேசவும் மாட்டேன். ஆனால் வெறிநோய்க் கிருமி வம்சாவளி பார்ப்பதில்லை. ஊசி போட்டதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறது. தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆள் அனுப்புவதைவிடச் சுருக்குக் கம்பியோடு லாரி அனுப்புவது சுலபம், ஏனென்றால் அந்த லாரியில் ஏறுபவை யாருக்கும் உறுத்தாதவை. ‘சும்மா நாட்டு நாய்தானே’ என்ற நம் வீட்டு வாக்கியம் அந்த லாரிக்கு எண்ணெய்.

சரி, பின்னே என்ன சொல்வது என்று கேட்கலாம். ‘இனம்’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இந்த நாட்டில் எந்தப் பாரத்தை நிரப்பினாலும் அந்தச் சொல் வந்து நிற்கிறது: மலாய், சீனர், இந்தியர், மற்றவை. கோப்பியை ‘மற்றவை’யில்தான் போட வேண்டியிருக்கும். அதுவும் வேண்டாம். மாம்பழம் வாங்கும்போது, நெல்லைப் பற்றிப் பேசும்போது, நாம் ‘ரகம்’ என்கிறோம். என்ன ரகம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு ரகம் இருக்கும், கலப்பும் ஒரு ரகம்தான். கதை எழுதுகிறவர்கள், நாளிதழில் விலங்குச் செய்தி மொழிபெயர்க்கிறவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்று முதலில் ஒரு நூறு பேர் மாற்றினால் போதும். வார்த்தையை மாற்றினால் மனசு மாறிவிடுமா என்று கேட்பவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: அப்புறம் எதற்கு 2011-இல் அவ்வளவு மனு கொடுத்தோம்?

பிறகு சொல்கிறேன் என்ற அந்த வீட்டுக்கார ஆண்ட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கீழே பழைய கடை, மேலே இரண்டு அறை. போனில் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை கிலோ, ராத்திரியில் குரைக்குமா, ஊசி போட்டாச்சா. சொன்னேன். முன்பணம் 100 வெள்ளி என்றார். இரண்டு இரவு தங்கினோம், இரண்டு சாயங்காலமும் மழை. கிளம்பும்போது அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு 90 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். மிச்சம் பத்து எதற்கு என்று கேட்டேன். கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். இடி இடித்தபோது கோப்பி சுரண்டியிருக்கிறது.